"நாளைக்கு வராதீங்க, போன் பண்றோம்"

வாசகர் கேள்வி - பதில்

(பனியன் கம்பெனியில், தைத்து முடித்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றே தலை நரைத்து, இப்போது தொழிற்சங்க அலுவலகத்தில் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் நம் 'அக்கா' இந்த இதழிலும் பதில் சொல்கிறார். 2025 தீபாவளி நெருங்கிய நேரத்தில் வந்த கடிதங்களில் முக்கால்வாசி திருப்பூர் வட்டாரத்தில் இருந்து. கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.)

அக்கா, நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். ஆகஸ்ட் வரைக்கும் வாரம் ஆறு நாள், அதில் நாலு நாள் ஒன்றரை ஷிப்ட். இப்போது மூன்று நாள் வந்தாலே பெரிது. கேட்டால் "அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான்" என்கிறார்கள். ஆனால் டைலர்கள் தினமும் வருகிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? என் வேலை இருக்கிறதா, போய்விட்டதா? - வாசகி, 15 வேலம்பாளையம்

வரிக் கதை பொய்யில்லை கண்ணு. 2025 ஆகஸ்ட் 27-இல் நம் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர். ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான் என்னும்போது, ஆர்டர் கொடுக்கிற பையர் எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது வேறு. ஆர்டர் எல்லோருக்கும்தான் குறைந்தது, உங்கள் டேபிள் மட்டும் ஏன் முதலில் காலியானது?

நான் பார்த்த வரைக்கும் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஓவர்டைம் போகும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். இதை யாரும் வேலை இழப்பு என்று எழுத மாட்டார்கள். ஆனால் வீட்டு வாடகையும், குழுக் கடனுக்குக் கட்டும் வார டியூவும் அந்த அரை ஷிப்ட்டை நம்பித்தான் ஒத்துக்கொண்டது. அடுத்தது டைலருக்கு உதவியாக நிற்கும் கைமடி, பிசிறு வெட்டுவது, செக்கிங். நல்ல ஓவர்லாக் டைலரை ஒரு வாரம் சும்மா விட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரன் கூட்டிக்கொண்டு போய்விடுவான், ஆர்டர் வந்தபின் தேடினாலும் கிடைக்க மாட்டார். அதனால் பாதி வேலைதான் என்றாலும் அவரை வரவழைத்து உட்கார வைப்பார்கள், பிசிறையும் அவரையே வெட்டச் சொல்வார்கள். செக்கிங் பெண்கள் எப்போது கூப்பிட்டாலும் வந்துவிடுவார்கள், வேறெங்கே போவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. கணக்கு சரியாகவும் இருக்கிறது, அதுதான் எனக்குக் கோபம்.

2008-இல் அமெரிக்காவில் பாங்கு விழுந்தபோது இந்த வரிசையில் நானும் நின்றேன். தீபாவளி முடிந்து கம்பெனி திறந்த அன்று சூப்பர்வைசர் கேட்டிலேயே நின்றுகொண்டு, "செக்கிங்குக்குப் பீஸ் இறங்கலை, நாளைக்கு வராதீங்க, போன் பண்றோம்" என்றார். எங்களில் பாதிப் பேர் கொடுத்திருந்தது வீட்டுக்காரர் நம்பர். அவர் வேலைக்குப் போயிருக்கும்போது கூப்பிட்டால் அந்த அழைப்பும் போயிற்று. ஒரு பெண் மளிகைக் கடை நம்பரைக் கொடுத்துவிட்டு, தினமும் அந்தக் கடை வாசலில் போய் நின்றாள். 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோதும், 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோதும், 2022-இல் நூல் விலை ஏறியபோதும் காரணம்தான் மாறியது. கேட்டில் கேட்ட வார்த்தை மாறவில்லை.

உங்களை நிறுத்தியதாக ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சீட்டு இல்லாததால் நீங்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டீர்கள். அமைச்சர் பேட்டி கொடுத்தாலும் கம்பெனிக்காரர் பேட்டி கொடுத்தாலும், "ஆட்குறைப்பு இல்லை" என்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லிவிடலாம்.

ஆகவே கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தத் தேதி வேலைக்குப் போனீர்கள், எந்தத் தேதி திருப்பி அனுப்பினார்கள், சனிக்கிழமை கையில் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். இதற்கு ஒரு முக்கியமான காரணம் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு காலம் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் 78 நாள் சம்பளம் பதிவாகியிருந்தால்தான், அது முடிந்து மூன்று மாதம் கழித்துத் தொடங்குகிற ஆறு மாதத்தில் உடம்பு முடியாமல் படுத்தால் விடுப்புச் சம்பளம் கிடைக்கும். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரம் மூன்று நாள் என்றால் சரியாக 78. ஒரே ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாலோ 77. இந்த அக்டோபர் - மார்ச் கணக்கு, அடுத்த ஜூலையில் உங்களுக்கு டெங்கு வரும்போதுதான் தெரியவரும். கம்பெனி கூப்பிடுகிற நாளை எதற்காகவும் விடாதீர்கள்.

உங்கள் டேபிளில் மாசமாக இருக்கிற பெண் இருந்தால் அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். பிரசவச் சம்பளத்துக்கு முந்தின இரண்டு காலத்தையும் சேர்த்து 70 நாள் போதும். 26 வாரம் சம்பளம் அது. வேலைதான் குறைந்துவிட்டதே, நின்றுவிடலாம் என்று நினைத்தால் அதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. "நானாகவே நின்றுகொள்கிறேன்" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவரை நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அது கிடையாது. வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், "சும்மா ஃபைலுக்கு" என்பார்கள். சும்மா ஃபைலுக்கு என்று இந்த ஊரில் எதுவும் கிடையாது.

வேலையே இல்லை, போனஸ் எல்லாம் கேட்காதீர்கள் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தானே அக்கா? - வாசகி, பெருமாநல்லூர்

நியாயமில்லை. இந்தத் தீபாவளிக்குக் கிடைக்கிற போனஸ் போன வருஷம், அதாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நீங்கள் செய்த வேலைக்கு. அப்போது வரியும் இல்லை, கெடுதலும் இல்லை, ராத்திரி ஒன்பது மணி வரை நிற்க வைத்தார்கள். அந்த வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு, குறைந்தது 8.33 சதவீதம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் தட்ட முடியாது. ஒரு சேலையும் ஒரு கிலோ ஸ்வீட்டும் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சேலையையும் வாங்கிக்கொள்ளுங்கள், போனஸையும் கேளுங்கள்.

நான் மூன்று குழுவில் லோன் வாங்கியிருக்கிறேன். செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று, மாதத்துக்கு ஒருமுறை இன்னொன்று. மூன்றும் என் பெயரில்தான். ஒன்று பையன் காலேஜ் ஃபீஸுக்கு, ஒன்று வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு, மூன்றாவது முதல் இரண்டைக் கட்ட. இந்த மாதம் இரண்டு வாரம் கட்ட முடியவில்லை. லோன் ஆபீஸர் வந்து ராத்திரி எட்டு மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குழுவில் மற்றவர்கள் எனக்காகக் கட்டிவிட்டு இப்போது என்னோடு பேசுவதில்லை. செத்துவிடலாம் போலிருக்கிறது. - வாசகி, மங்கலம்

முதலில் கடைசி வரிக்குப் பதில். அந்த எண்ணம் வரும்போது 104-க்குப் போன் செய்யுங்கள், அரசாங்க நம்பர், எந்த நேரமும் பேசலாம். அப்புறம் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள், என்னிடம் இணைத்துவிடுவார்கள். வீட்டில் வந்து பேசலாம், எனக்கு வேலை ஒன்றும் தலைக்கு மேல் இல்லை.

இப்போது கடன். உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஃபீஸ் பையனுக்கு, ஆட்டோ வீட்டுக்காரருக்கு, கையெழுத்து உங்களுடையது. சம்பளப் பக்கம் பார்த்தால் உங்கள் பேரில் ஒரு ரசீது கிடையாது. கடன் பக்கம் போட்டோ, ஆதார், கைரேகை, பக்கத்து வீட்டு ஜாமீன் என்று அத்தனையும் பக்காவாக உங்கள் பேரில். ஊரில் வேலை குறைகிறபோதெல்லாம் நான் பார்ப்பது இதுதான். ஆண் கேட்டால் தராத கடனைப் பெண்ணுக்குத் தருகிறார்கள், ஏனென்றால் பெண் ஊரைவிட்டு ஓட மாட்டாள், நாலு பேர் முன்னால் கேட்டால் மானத்துக்குப் பயந்து கட்டிவிடுவாள். அந்த மானம்தான் அவர்களுக்கு அடமானம்.

ராத்திரி எட்டு மணி வரை அவர் உட்கார்ந்தது தப்பு. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது, வரக் கூடாது. வசூலுக்கென்று இரண்டு பேருமாகப் பேசி வைத்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை நீங்கள் வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். மிரட்டுவது, திட்டுவது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது எல்லாம் தடை. தமிழ்நாட்டிலும் 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டசபையில் சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள், 3 வருஷம் வரை ஜெயில் என்று. ரேஷன் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதெல்லாம் அதில் குற்றம். அடுத்த முறை அவர் வந்தால் மணியைச் சொல்லுங்கள், செல்போனில் பதிவு செய்யுங்கள், மரியாதையாகவே சொல்லுங்கள்: "தம்பி, ஆறு மணி ஆயிருச்சு, நாளைக்கு வாங்க." அந்தப் பையனுக்கும் டார்கெட் இருக்கும். பாவம், அவனும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் உங்கள் திண்ணை அவன் ஆபீஸ் இல்லை.

அடுத்து, வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். "வேலை வாரம் மூன்று நாளாகக் குறைந்துவிட்டது, வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றி, தொகையையும் குறைத்துத் தாருங்கள்" என்று மூன்று கம்பெனிக்கும் தனித்தனியாக ஒரு பக்கம், பதிவுத் தபாலில். கடன் வாங்கியவரின் சௌகரியத்துக்குத் தகுந்த தவணை முறை தர வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது. மூன்றாவது கம்பெனி உங்களுக்குக் கொடுக்கும்போது இதைப் பார்த்ததா என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார் செய்யலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கடன் தள்ளுபடி ஆகாது. மூச்சு விட நேரம் கிடைக்கும்.

நாலாவது கடன் மட்டும் வேண்டாம். மீட்டர் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார். இப்படிப்பட்ட சமயம் பார்த்துத்தான் வருவார்.

குழுப் பெண்கள் பேசாமல் இருப்பது வேறு சங்கதி. உங்களுக்காக அவர்கள் கட்டிய பணமும் மூன்று நாள் சம்பளத்தில் இருந்து போனதுதான். யார் யார் எவ்வளவு என்று எழுதி, தேதி போட்டு அவர்களிடம் கொடுங்கள். பணம் கையில் வரும்போது முதலில் அவர்களுக்கு, அப்புறம் கம்பெனிக்கு.

அக்கா எப்போதும் தொழிலாளி பக்கமே பேசுகிறீர்கள். நான் 14 மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். எக்ஸ்போர்ட்டர் 90 நாளாகப் பில் தரவில்லை. கரண்ட் பில், கட்டிட வாடகை, வங்கி டியூ எல்லாம் நிற்கிறது. என் சங்கடத்தை யார் கேட்பது? - வாசகர், ராயபுரம்

நான் கேட்கிறேன், சொல்லுங்க. பதினாலு மெஷின்காரர் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தால், உங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டியது அவர் கடமை, தாமதித்தால் வட்டியோடு. அடுத்த ஆர்டர் தர மாட்டாரே என்று புகார் கொடுக்காமல் இருப்பீர்கள். உங்கள் கம்பெனிப் பெண்களும் அதே பயத்தில்தான் உங்களிடம் வாய் திறப்பதில்லை.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். வேலை குறைந்தால் இரண்டு பெண்களை ஆறு நாள் வைத்து, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நாலு பேரையும் மும்மூன்று நாள் மாற்றி மாற்றி வரச் சொல்லுங்கள். உங்களுக்குச் செலவு ஒன்றுதான். அவர்களில் யாருக்கும் இ.எஸ்.ஐ. அறுந்து போகாது. ஆர்டர் வரும்போது நாலு பேரும் உங்களிடமே இருப்பார்கள்.

வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறை வேலை. இரண்டு மாதமாக வீட்டில்தான். நான் காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, எட்டரைக்கு டேபிளில் நிற்கிறேன். அவர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைப்பதில்லை. கேட்டால் கை நீட்டுகிறார். "ஆம்பளைக்கு வேலை இல்லைன்னா மனசு நொந்துதான் இருக்கும், பொறுத்துக்கோ" என்கிறார் மாமியார். - வாசகி, அனுப்பர்பாளையம்

அடிப்பதற்குப் பொறுமை பதில் இல்லை. 181 பெண்கள் உதவி எண், நாள் முழுக்க எடுப்பார்கள். பெயர் சொல்லாமலேகூட வழி கேட்கலாம். சம்பளம் ஏறும் ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்றால் அதுவும் அப்படித்தான்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை, வேலையில்லாத ஆணுக்கு மனசு நொந்துதான் போகும். வேலை குறைந்த பெண்ணுக்கு மனசு நோக நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். வருமானம் குறைந்ததும் வீட்டில் "செலவைக் குறைப்போம்" என்று ஒரு பேச்சு வரும். எதைக் குறைக்கிறோம்? கடையில் வாங்கும் தோசை மாவை நிறுத்துவோம், ராத்திரி கிரைண்டர் கழுவுவது நீங்கள். ஸ்கூல் வேனை நிறுத்துவோம், நடத்திக் கூட்டிப் போவது நீங்கள். தனியார் டாக்டரை நிறுத்திவிட்டு ஜி.எச். போவோம், மாமியாரைக் கூட்டிக்கொண்டு டோக்கனுக்கு அரை நாள் நிற்பது நீங்கள். முப்பது ரூபாய்த் துவரம் பருப்பும் இருபத்தைந்து ரூபாய்ப் பாமாயிலும் ரேஷனில் என்றைக்கு வருகிறது என்று இரண்டு தடவை நடப்பதும் நீங்கள். குறைந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் உங்கள் தூக்கத்தில் இருந்து கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். முட்டை வாங்குகிற அன்றைக்கு எண்ணிக்கை யாருக்குக் குறைகிறது என்று உங்களைக் கேட்கவே வேண்டாம்.

அவர் கை நீட்டுவது நின்றபின், நிதானமாக இருக்கிற ஒரு நாளில், ரேஷன் கார்டையும் பையையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். தோழர் ஒருவர் இப்படித் தொடங்கித்தான் இன்றைக்குப் புளிக்குழம்பு வரை வந்திருக்கிறார். சுமாராக இருக்கும். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. மில்லில் சேர்த்துவிட்டால் ஹாஸ்டல், சாப்பாடு, மூன்று வருஷ முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்கிறார் ஏஜென்ட். இப்போதிருக்கும் நிலைமையில் ஒரு வயிறு குறைந்தால்கூட நல்லது என்று தோன்றுகிறது. - வாசகி, வேடசந்தூர்

அனுப்பாதீர்கள் அம்மிணி. அந்த மொத்தத் தொகை அவளுடைய மாதச் சம்பளத்தில் பிடித்து வைக்கிற காசுதான், யாரும் மேற்கொண்டு போட்டுத் தருவதில்லை. உடம்பு முடியாமல் இரண்டரை வருஷத்தில் திரும்பி வந்து, கைக்கு எதுவும் வராமல் போன பெண்களை எனக்குத் தெரியும். ஊரில் கஷ்டம் என்றால் இந்த ஏஜென்ட்டுகளுக்கு அறுவடைக் காலம்.

ஆறாம் வகுப்பில் இருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், பன்னிரண்டு முடித்துக் காலேஜோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். இன்னும் ஒன்றரை வருஷம். ஒரு வயிறு குறையட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு அரசு மாணவியர் விடுதி இருக்கிறது, சாப்பாடும் இலவசம். தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள். ஏஜென்ட் விடாமல் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அவர் எதிரிலேயே டயல் செய்யுங்கள்.

பவுன் விலை எங்கேயோ ஏறிவிட்டது என்கிறார்கள். இரண்டு பவுன் செயின் ஏற்கெனவே அடகில் இருக்கிறது. அதே செயினுக்கு இன்னும் மேல் தொகை தருகிறேன், வட்டியைக் கழித்துக்கொண்டு புதுச் சீட்டு போடலாம் என்கிறார் அடகுக் கடைக்காரர். வாங்கலாமா? - வாசகி, பல்லடம்

பள்ளிக்கூட ஃபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ என்றால் வாங்குங்கள், குழு டியூ கட்ட என்றால் வேண்டாம். விலை ஏறியதால் செயின் பெரிதாகிவிடவில்லை, மீட்க வேண்டிய தொகைதான் பெரிதாகிறது. மூன்று நாள் சம்பளத்தில் அதை எப்படி மீட்பீர்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மீட்கவே முடியாது என்று தெரிந்தால் விற்றுவிடுவது மேல். இந்த விலையில் விற்று, கடனைத் தீர்த்து, மிச்சக் காசில் அரைப் பவுன் தோடாவது எடுக்கலாம். அழுகை வரும், எனக்கும் வந்தது.

புதுச் சீட்டுதான் போடுகிறீர்கள் என்றால் பழைய சீட்டில் இருந்த கிராம் எடையும் புதுச் சீட்டில் எழுதுகிற எடையும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.